நீல மெட்ராஸ் சட்டை யாருடையது?

ஏழாம், எட்டாம் வகுப்பில் பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு, அமெரிக்காவிலும் கனடாவிலும் குறிப்பா, என்றாவது ஒருநாள் பள்ளிப் பையோடு ஒரு ஒல்லிப் புத்தகம் வந்து சேரும். எஸ்.இ. ஹின்டன் எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்'. உங்களில் சிலர் அந்த வயதில் நீங்களே இதைப் படித்திருப்பீர்கள். புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிற பையன்கூட இதை மட்டும் இரண்டு நாளில் முடித்துவிட்டு, மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்பான்: "அம்மா, நாம கிரீசரா, சோஷா?"

இந்த மாதப் பத்தி அந்தக் கேள்விக்காகத்தான். முழுக் கதையையும் சொல்லப் போகிறேன். முடிவு தெரியக் கூடாது என்கிறவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு வாங்க.

பதினைந்து வயதில் தொடங்கிய கதை

ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்று ஒரு நகரம். எண்ணெய்ப் பணத்தில் வளர்ந்த ஊர். 1960-களில் அங்கே வில் ரோஜர்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர் சூசன் எலோயிஸ் ஹின்டன். பள்ளியில் மாணவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து கிடந்தார்கள். இவருடைய நண்பர் ஒருவர் சினிமா பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது, சும்மா, இன்ன கூட்டத்துப் பையன் என்பதற்காகவே அடிபட்டார். அந்தக் கோபத்தில் எழுதத் தொடங்கியதுதான் இந்த நாவல். அப்போது ஹின்டனுக்குப் பதினைந்து வயது. 1967-இல் வைக்கிங் பதிப்பகம் வெளியிட்டபோது பதினெட்டு. பெண் பெயரைப் பார்த்தால் ஆண் விமர்சகர்கள் புத்தகத்தை ஒதுக்கிவிடுவார்களோ என்று பதிப்பகம் தயங்கியதால், அட்டையில் வெறும் முன்னெழுத்துகள் மட்டும் வந்தன. இன்னொரு செய்தியும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்: இதை எழுதிய அதே வருடம், படைப்பெழுத்துப் பாடத்தில் தனக்குக் கிடைத்தது 'டி' கிரேடு என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இதுவரை ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. சில ஊர்களில் "கத்தி, சிகரெட், சாராயம்" என்று சொல்லிப் பள்ளியிலிருந்து நீக்கவும் முயன்றிருக்கிறார்கள்.

கதை

ஊரின் கிழக்குப் பக்கம் ஏழைப் பையன்கள். தலைமுடியை நீளமாக வளர்த்து எண்ணெய் தடவிப் படிய வாருவதால் அவர்களுக்குப் பெயர் 'கிரீசர்'. மேற்குப் பக்கம் பணக்காரப் பையன்கள். 'சோஷியல்ஸ்' என்பதைச் சுருக்கி 'சோஷ்' என்பார்கள். இவர்களிடம் மஸ்டாங் கார் இருக்கிறது, நல்ல சட்டை இருக்கிறது, பொழுதுபோகாதபோது தனியாக அகப்படும் கிரீசர் ஒருவனை அடிக்கிற பழக்கமும் இருக்கிறது.

கதை சொல்கிறவன் போனிபாய் கர்ட்டிஸ், வயது 14. அப்பா அம்மா கார் விபத்தில் போய்விட்டார்கள். அண்ணன்மார் இரண்டு பேர்: இருபது வயது டேரி, பதினாறு முடிந்த சோடாபாப். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒழுங்காக நடந்துகொள்ளாவிட்டால் அரசாங்கம் சின்னவர்களைப் பிரித்துக் காப்பகத்தில் போட்டுவிடும் என்கிற பயம் அந்த வீட்டுக் கூரையிலேயே தொங்குகிறது.

ஒரு நாள் இரவு போனிபாய் நேரம் கழித்து வருகிறான். பயந்து போயிருந்த டேரி கத்துகிறான், ஓங்கி ஒரு அறை விடுகிறான். அந்த வீட்டில் யாரும் அவனை அடித்ததே இல்லை. தம்பி வெளியே ஓடி, நண்பன் ஜானியைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போகிறான். அங்கே குடிபோதையில் சோஷ் கும்பல் ஒன்று வருகிறது. போனிபாயின் தலையை நீர்த்தொட்டியில் அமுக்குகிறார்கள். முன்பு ஒருமுறை இவர்களிடம் உயிர் போகிற அளவுக்கு அடிவாங்கிய ஜானி, கத்தியை எடுத்துவிடுகிறான். பாப் என்கிற பையன் செத்துப்போகிறான்.

இரண்டு பேரும் ஓடிப்போய் ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த தேவாலயத்தில் ஒளிகிறார்கள். அந்த இடம் தீப்பிடிக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட சின்னக் குழந்தைகளை இவர்கள்தான் இறங்கிக் காப்பாற்றுகிறார்கள். அதில் பட்ட காயத்தால் ஜானி மருத்துவமனையில் இறக்கிறான். அந்தச் சாவைத் தாங்க முடியாத இன்னொரு நண்பன் டாலி, குண்டே இல்லாத துப்பாக்கியைப் போலீஸ் முன்னால் நீட்டி, சுடப்பட்டுச் சாகிறான். ஆக மூன்று பிணம். எல்லாம் பதின்ம வயது. பள்ளியில் ஆங்கிலப் பாடத்தில் தேற வேண்டும் என்பதற்காகப் போனிபாய் எழுதுகிற கட்டுரைதான் நாம் படிக்கிற புத்தகம் என்று கடைசிப் பக்கத்தில் தெரிகிறது.

ஆளைப் பார்த்தே கணக்குப் போடுவது

"கேங் சண்டை கெட்டது, பார்த்தியா, இப்படித்தான் முடியும்" என்று நாம் பாடம் சொன்னால் பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளும். புத்தகமும் அந்த இடத்தில் நிற்கவில்லை. ஒரு மனிதனின் வர்க்கம் அவனுடைய உடம்பில் எங்கெங்கே எழுதப்பட்டிருக்கிறது, அதை மற்றவர்கள் எவ்வளவு வேகமாக வாசிக்கிறார்கள் என்பதை அது நுணுக்கமாகப் பார்க்கிறது.

முதலில் முடி. கிரீசர்களிடம் பெருமைப்பட இருக்கிற ஒரே சொத்து அதுதான். முதல் அத்தியாயத்திலேயே சோஷ்கள் கத்தியைக் காட்டி, அதைத்தான் வெட்டப் போவதாக மிரட்டுகிறார்கள். தலைமறைவாக இருக்கும்போது ஜானி போனிபாயின் முடியை வெட்டி, வெளுக்கவும் வேண்டிவருகிறது. அவன் அழாத குறை. இடுப்பில் பணம் இல்லாத பையனுக்குத் தலைமுடி என்னவாக இருந்தது என்று அங்கே புரியும்.

அடுத்தது வகுப்பறை. போனிபாய் படிப்பில் கெட்டி. சோஷ் பிள்ளைகள் படிக்கிற மேல் வகுப்பில்தான் அவனும் இருக்கிறான். ஒரு நாள் உயிரியல் பாடத்தில் புழுவை அறுக்கக் கொடுத்த பிளேடு வெட்டவில்லை. யோசிக்காமல் பையிலிருந்து தன் மடக்குக் கத்தியை எடுத்துவிடுகிறான். பக்கத்திலிருந்த பெண் மூச்சை இழுத்துப் பிடித்து, உன்னைப் பற்றி ஊர் சொல்வது சரிதான் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறாள். மதிப்பெண் அவனை அந்த வகுப்புக்குள் உட்காரவைத்தது. அங்கே உரியவனாக ஆக்கவில்லை.

மூன்றாவது, சட்டை. நமக்கு இது சுவாரசியமானது. முதல் அத்தியாயத்தில் போனிபாயைச் சுற்றி வளைக்கிற சோஷ் ஒருவன் போட்டிருப்பது நீல நிற மெட்ராஸ் சட்டை. எவ்வளவோ நாள் கழித்தும் அந்தச் சட்டை தன் கண்ணில் நிற்கிறது என்கிறான் போனிபாய். ஆமாம், நம்ம மெட்ராஸ்தான். சென்னையைச் சுற்றியிருந்த நெசவாளர்கள் கைத்தறியில் நெய்த, கட்டம் போட்ட பருத்தித் துணி, துறைமுகத்தின் பெயரிலேயே உலகம் முழுக்கப் போனது. 1960-களில் அமெரிக்கப் பணக்காரக் கல்லூரிப் பையன்களின் அடையாளமே அது ஆகிவிட்டது. தோய்த்தால் சாயம் போகும். அதையே ஒரு பெருமையாக மாற்றி, "கண்டிப்பாகச் சாயம் போகும்" என்று விளம்பரம் செய்து விற்றார்கள்.

இங்கே கைலியாகக் கட்டி வேலைக்குப் போனவர் எத்தனை பேர்! அதே மாதிரிக் கட்டத் துணி, கடல் தாண்டியதும் ஒரு சிறுவனைப் பயமுறுத்துகிற பணக்காரச் சீருடை ஆகிவிட்டது. துணிக்குத் தனியாக ஒரு வர்க்கமும் கிடையாது. எங்கே, யார் உடம்பில் இருக்கிறது என்பதுதான் எல்லாம்.

செர்ரி சொன்ன உண்மை

எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிற முக்கியமான ஆள் செர்ரி. சோஷ் பெண், இறந்துபோன பாபின் காதலி. காரில் உட்கார்ந்து பார்க்கிற திறந்தவெளி சினிமாவில் போனிபாயோடு பேச ஆரம்பிக்கிறாள். பணம் இருக்கிற வீட்டிலும் கஷ்டம் இருக்கிறது என்கிறாள். இரண்டு பேரும் ஊரின் இரு முனைகளிலிருந்து ஒரே சூரிய அஸ்தமனத்தைப் பார்க்கிறோம் என்று போனிபாய் நினைத்துக்கொள்கிறான். பள்ளியில் இந்த இடத்துக்குத்தான் ஆசிரியர்கள் கோடு போடச் சொல்வார்கள். அழகான இடம்தான்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, விடைபெறும்போது அவள் சொல்வது. பள்ளி நடைவழியில் எதிரே பார்த்தால் நான் உன்னோடு பேசாமல் போகலாம், தப்பாக நினைக்காதே என்கிறாள். கெட்ட பெண் இல்லை. பொய்யும் சொல்லவில்லை. தனியாக இருக்கும்போது நட்பு, கூட்டத்தில் இருக்கும்போது தெரியாத மாதிரி. கத்தியை விட ஆழமாக வெட்டுவது இதுதான். நம் பிள்ளைகள் தினமும் பார்ப்பதும், சில சமயம் செய்வதும் இதைத்தான். கத்திக்குத்து நம்மில் பெரும்பாலானவர்கள் வீட்டுக்கு வராது. நடைவழியில் முகம் திருப்புவது எல்லார் வீட்டிலும் உண்டு.

மூத்த பிள்ளை டேரி

நம்ம வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு டேரியைப் புரியவைக்க வேண்டியதே இல்லை. பள்ளிக் கால்பந்து அணியின் தலைவன். மூளையும் உண்டு, உழைப்பும் உண்டு. காசு இல்லாததால் கல்லூரி போகவில்லை. இப்போது கூரை போடுகிற வேலை. தம்பிகள் இல்லாவிட்டால் இவன் எப்போதோ மேற்குப் பக்கம் போயிருப்பான் என்று நண்பர்களே சொல்கிறார்கள். தங்கைக்காக, தம்பிக்காகப் படிப்பை விட்டு வேலைக்குப் போன பெரியண்ணாவோ அக்காவோ இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு.

இரண்டு கூட்டமும் மோதிக்கொள்கிற இரவில், சோஷ் பக்கத்திலிருந்து டேரியை எதிர்க்க முன்னால் வருகிறவன் பால் ஹோல்டன். ஒரு காலத்தில் அதே அணியில் டேரியோடு ஆடிய நண்பன். ஒருவன் பிழைப்புக்காக உழைக்கிறான், இன்னொருவன் மேற்குப் பக்கத்துக்காரன். நண்பர்களைப் பகையாக்க அது போதுமானதாக இருந்தது. டேரியின் முகத்தில் பொறாமை மட்டும் தெரியவில்லை, கிரீசர்கள் பக்கம் நிற்பதற்கு அவன் வெட்கப்படவும் செய்கிறான் என்று தம்பி கவனிக்கிறான். பதினாறு, பதினேழு வயதுப் பெண் இதை எழுதியிருக்கிறாள் என்பதை நம்ப முடியவில்லை.

பாபின் அப்பா அம்மா

பெற்றோர்களான நாம் தாண்டிப் போய்விடக் கூடாத ஒரு இடம் இருக்கிறது. பாபின் நண்பன் ராண்டி, போனிபாயிடம் மனம் விட்டுப் பேசுகிறான். பாபை அவனுடைய பெற்றோர் எதற்கும் தடுத்ததே இல்லையாம். என்ன செய்துவிட்டு வந்தாலும் தங்கள் மேல்தான் தப்பு என்று எடுத்துக்கொள்வார்களாம். யாராவது ஒருமுறை "வேண்டாம்டா" என்று உறுதியாகச் சொல்ல மாட்டார்களா என்றுதான் அவன் ஏங்கினான் என்கிறான் ராண்டி. ஒரு வீட்டில் அறை விழுந்தது, இன்னொரு வீட்டில் ஒரு "வேண்டாம்" கூட விழவில்லை. இரண்டு வீட்டுப் பையனும் அதே பூங்காவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

சரி, நாம எந்தப் பக்கம்?

பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்டால் நம் வாயில் முதலில் வருகிற பதில் "கிரீசர்"தான். காரணம் உண்டு. நம் அப்பா அம்மா வந்து இறங்கிய கதை அது. டொராண்டோவின் செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில் ஒரு அறையில் ஆறு பேராகப் படுத்தவர்கள், லண்டனில் பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர்கள், பாரிஸ் உணவகங்களில் தட்டுக் கழுவியவர்கள். பள்ளியில் நம் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்து மூக்கைப் பொத்தியதும் நமக்கு நினைவிருக்கு.

டொராண்டோவில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு நினைவும் இருக்கும். 1990-களில் அங்கே தமிழ் இளைஞர் கும்பல்களுக்குள்ளேயே மோதல் நடந்தது, உயிர்களும் போயின. அதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத பையன்களையும், நாலு பேர் சேர்ந்து கடை வாசலில் நின்றாலே கும்பல் என்று பார்க்கிற நிலை வந்தது. முடியைப் பார்த்து கிரீசர் என்று முடிவுகட்டுவது எப்படி இருக்கும் என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். அவர்கள்தான் இன்று அப்பாக்கள்.

ஆனால் இன்று? ஸ்கார்பரோவிலிருந்து மார்க்கம், ஏஜாக்ஸ் என்று தனி வீடுகளுக்குப் போயாச்சு. அமெரிக்காவில் கணினி வேலைக்கு வந்தவர்கள் பலர், முதல் நாளிலிருந்தே நல்ல பள்ளி இருக்கிற வட்டாரமாகப் பார்த்துத்தான் வீடு எடுத்தார்கள். பிள்ளைக்கு நீச்சல், பியானோ, கணக்குக்குத் தனி டியூஷன். அதே வகுப்பில், போன வருடம்தான் வந்து இறங்கிய ஒரு தமிழ்ப் பிள்ளை உட்கார்ந்திருக்கும். உச்சரிப்பு வேறு மாதிரி, சட்டை வேறு மாதிரி. அந்தப் பிள்ளையை 'ஃப்ரெஷி', 'ஃபாப்' என்று முதலில் கூப்பிடுவது பல நேரம் வெள்ளைக்காரப் பிள்ளை இல்லை. இங்கே பிறந்த நம்ம பிள்ளைதான். கலை நிகழ்ச்சியில் யார் யாரோடு ஒரே மேசையில் உட்காருகிறார்கள், பிறந்தநாளுக்கு யாரைக் கூப்பிடுகிறோம், "அந்த ஏரியா பசங்க" என்று எந்தக் குரலில் சொல்கிறோம் என்பதையெல்லாம் பார்த்துத்தான் பிள்ளை கற்றுக்கொண்டது.

வீட்டில் சொல்கிற கதையில் நாம் இன்னும் கிழக்குப் பக்கத்துக்காரர்கள். நடைவழியில் நம் பிள்ளை போட்டிருப்பது நீல மெட்ராஸ் சட்டை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். தோல் நிறத்துக்காக வெளியாளாகவும், அப்பாவின் சம்பளத்துக்காக உள்ளாளாகவும் ஒரே நாளில் இருக்கிற பிள்ளை அது. அதனால் "நாம பாவம், கஷ்டப்பட்டு வந்தவங்க" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிக் கதைதான் சொல்கிறோம்.

புத்தகம் பேசாதது

இந்த நாவலில் இரண்டு கூட்டமுமே வெள்ளையர்கள். டல்சாவில் 1921-இல் கறுப்பின மக்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியை வெள்ளையர் கும்பல் எரித்து, பலரைக் கொன்றது. அந்த ஊரைப் பற்றிய கதையில் அந்தச் சுவடே இல்லை. பெண்களுக்கும் இடம் குறைவு. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் இதைச் சொல்லிவிட்டு, "நிறமும் சேர்ந்திருந்தா இந்தக் கதை எப்படி மாறியிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்க. நல்ல பேச்சு நடக்கும்.

பிள்ளையோடு பேச

12 வயதுக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம். கத்திக்குத்தும் சாவும் உண்டு, சிகரெட் பக்கத்துக்குப் பக்கம் புகைகிறது. அதனால் நீங்களும் சேர்ந்து படிப்பது நல்லது, நாலைந்து மணி நேரம்தான் ஆகும். முடித்த பிறகு பரீட்சை மாதிரி இல்லாமல், காரில் போகும்போது இப்படி ஒன்றிரண்டு கேட்கலாம்:

- உங்க பள்ளியில யார் எந்தக் கூட்டம்னு எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பீங்க? ஷூவா, போனா, பேச்சா?
- செர்ரி மாதிரி, தனியா இருக்கும்போது பேசி, கூட்டத்துல பேசாமப் போன ஆள் உனக்கு உண்டா? நீ யாருக்காவது அப்படி இருந்திருக்கியா?
- தேவாலயத் தீயில குழந்தைகளைக் காப்பாத்தினதுக்கு அப்புறம்தான் பத்திரிகைகள் இவங்களை ஹீரோன்னு எழுதுச்சு. அதுக்கு முன்னாடி இவங்க வேற ஆளா?
- பாப் உயிரோட இருந்து, ஜானி செத்திருந்தா ஊர் என்ன சொல்லியிருக்கும்?

கடைசிக் கேள்விக்குப் பிள்ளைகள் சொல்கிற பதில் பெரும்பாலும் நம்மை விடக் கறாராக இருக்கும். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

படம் பார்க்க விரும்பினால், பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்பாலா இயக்கியது 1983-இல் வந்தது. கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ அருகே ஒரு பள்ளியின் நூலகரும் மாணவர்களும், இதைப் படமாக்குங்கள் என்று அவருக்குக் கடிதம் எழுதியதால் எடுத்த படம் அது. டாம் குரூஸ், பேட்ரிக் ஸ்வேஸி, மாட் டில்லன் எல்லாரும் சின்னப் பையன்களாக இருப்பார்கள். மேடை இசை நாடகமாகவும் வந்து, 2024-இல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருது வாங்கியது. படம் எடுத்த வீடு டல்சாவில் இப்போது அருங்காட்சியகம்.

புத்தகத்தை முடித்த பிறகு "கிரீசரா, சோஷா?" என்று பிள்ளை மறுபடி கேட்டால், உடனே பதில் சொல்ல வேண்டாம். தாத்தா பாட்டி முதலில் குடியிருந்த தெருவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். இப்போது அங்கே யார் குடியிருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று அவனே பார்க்கட்டும். திரும்பி வரும்போது அவனே ஒரு பதில் வைத்திருப்பான்.